அரிப்புக்குக் கணக்கு எழுதிய கதை

அரிப்பினால் யாராவது செத்துப்போனதாகக் கேள்விப்பட்டதுண்டா? கிடையாது. தோல் வியாதியின் பிரச்சினையே அதுதான். சொறி, சிரங்கு, படை, கரப்பான் என்று பெயருக்குப் பஞ்சமில்லை. (கரப்பான் என்றதும் பூச்சி ஞாபகம் வந்தால் தப்பில்லை. எக்சிமாவுக்குத் தமிழில் வழங்கும் பெயர் அதுதான்.) ஆனால் ஒரு அரசாங்கம் சுகாதாரத்துக்குப் பட்ஜெட் போட உட்காரும்போது மாரடைப்பு, கேன்சர், பிரசவம், விபத்து என்று உயிர் சம்பந்தப்பட்டவை எல்லாம் வரிசையில் முன்னால் வந்து நின்றுவிடும். சொறிந்துகொண்டு நிற்பவர் கடைசியில்தான். அவருக்கு எவ்வளவு ஒதுக்குவது? எதை வைத்து ஒதுக்குவது? இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மல்லுக்கட்டிய நாடு இங்கிலாந்து. வைத்தியம் இலவசம் என்று அறிவித்துவிட்ட நாடு என்பதால் அங்கே இந்தக் கணக்கைத் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

முதலில் வியாதியைப் பற்றிக் கொஞ்சம். எக்சிமா பெரும்பாலும் கைக்குழந்தைப் பருவத்தில் ஆரம்பிக்கிறது. கன்னம், முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் சிவந்து, வறண்டு, வெடித்து அரிக்கும். இரவில்தான் அதிகம். குழந்தை தூங்காது, அதனால் அம்மா அப்பாவும் தூங்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு வயது ஏற ஏறக் குறைந்துவிடுகிறது, சிலருக்கு ஆயுள் முழுக்கக் கூடவே வருகிறது. இதில் திட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் என்னவென்றால், எக்சிமா வரும், போகும், மறுபடி வரும். கணக்கெடுக்கப் போகிற நாளில் தோல் சுத்தமாக இருந்தால் அவர் நோயாளியா, இல்லையா?

1948 ஜூலை 5-ம் தேதி பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை (சுருக்கமாக என்.எச்.எஸ்.) ஆரம்பமானது. வரிப்பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம். நோயாளி முதலில் தன் பகுதியின் குடும்ப டாக்டரிடம் (அங்கே ஜி.பி. என்பார்கள்) போக வேண்டும். அவர் சீட்டுக் கொடுத்தால்தான் ஆஸ்பத்திரியில் ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க முடியும். தோலுக்கென்றே தனி ஆஸ்பத்திரிகளும் அப்போது இருந்தன. லண்டனின் செயின்ட் ஜான்ஸ் ஆஸ்பத்திரி 1863-ல் தொடங்கப்பட்டது. மோசமான எக்சிமா என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, தார்க் களிம்பும் துத்தநாகப் பசையும் பூசி, கட்டுப்போட்டு வைத்திருப்பார்கள். படுக்கை, நர்ஸ், கட்டுத்துணி என்று செலவு பிடிக்கும் வைத்தியம்.

1952-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒன்று அமெரிக்காவில். சல்ஸ்பெர்கர், விட்டன் என்ற இரு டாக்டர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாகத் தோலில் தடவி, எக்சிமா அடங்குவதைக் காட்டினார்கள். வாரக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டிய பலர் கையில் ஒரு ட்யூபோடு வீட்டுக்குப் போகலாம் என்ற நிலை இதிலிருந்துதான் மெல்ல வந்தது. தோல் வியாதியின் பொருளாதாரத்தையே மாற்றிய ட்யூப் அது. இன்னொன்று பிரிட்டனில். அதுவரை இலவசமாக இருந்த மருந்துச் சீட்டுக்கு அரசு ஒரு ஷில்லிங் கட்டணம் போட்டது. அதாவது வைத்தியம் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மருந்துச் சீட்டுக்கு நகரத் தொடங்கிய அதே வருடம், சீட்டுக்கு விலையும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் எக்சிமாக்காரர்களைப் பொறுத்தவரை இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன.

அந்தக் கட்டணம் 1965-ல் நீக்கப்பட்டு, 1968-ல் திரும்பி வந்தது. வரும்போது ஒரு விலக்குப் பட்டியலும் கூடவே வந்தது. சர்க்கரை வியாதி, வலிப்பு நோய் போன்று தொடர்ந்து மருந்து தேவைப்படும் சில வியாதிகளுக்குக் கட்டணம் இல்லை. எக்சிமா அந்தப் பட்டியலில் இல்லை. (ஆஸ்துமாவும் இல்லை.) 2009-ல் கேன்சரைச் சேர்த்ததைத் தவிர அந்தப் பட்டியல் பெரிதாக மாறவே இல்லை. வேல்ஸ் 2007-லும், வட அயர்லாந்து 2010-லும், ஸ்காட்லாந்து 2011-லும் கட்டணத்தையே ஒழித்துவிட்டன. இங்கிலாந்தில் மட்டும் தொடர்கிறது. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இலவசம். நடுவயதில் இருக்கும் எக்சிமாக்காரர் மாய்ஸ்சரைசருக்கு ஒன்று, ஸ்டீராய்டு களிம்புக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்டுகிறார். முன்கூட்டியே மொத்தமாகப் பணம் கட்டி வைக்கும் பாஸ் முறை ஒன்று இருக்கிறது என்பதுதான் ஆறுதல்.

சரி, எத்தனை பேருக்கு இந்த வியாதி? என்.எச்.எஸ். தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் இதற்கு உருப்படியான பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு இருந்தது. வராதவர்கள் கணக்கு? கடைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊரில் பசித்தவர்கள் இத்தனை பேர்தான் என்று சொல்வது மாதிரி அது. 1976-ல் ரே, நியூஹவுஸ், ஹாலில் என்ற மூவர் தென் லண்டனின் லாம்பெத் பகுதியில் எடுத்த ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளிகள் தேடி வரட்டும் என்று காத்திராமல் இவர்களே மக்களைத் தேடிப் போனார்கள். ஆயிரக்கணக்கானவர்களிடம் கேள்வித்தாள் மூலம் விசாரித்து, அதில் ஒரு பகுதியினரின் தோலை நேரில் பரிசோதித்தார்கள்.

பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு தோல் கோளாறு இருந்தது. அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், ஒரு பருவைக்கூட எண்ணினால் அப்படித்தான் வரும். முக்கியமான எண் வேறு. வைத்தியம் பார்க்கத் தகுந்த அளவுக்குத் தோல் வியாதி உள்ளவர்கள் 22.5 சதவீதம். அதாவது ஏறக்குறைய நாலு பேரில் ஒருவர். ஓரளவு கடுமையான நிலையில் இருந்தவர்களில்கூட, முந்தைய ஆறு மாதத்தில் டாக்டரிடம் போனவர்கள் சுமார் கால்வாசிதான். வேறு சிலர் தாங்களே ஏதோ வாங்கித் தடவிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் சும்மா இருந்தார்கள்.

இலவச வைத்தியம் இருக்கும்போது ஏன் போகவில்லை? "இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்" என்ற நினைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். போய்ப் பார்த்து, அதே ட்யூபோடு திரும்பி வந்து அலுத்துப்போனவர்களும் இருந்திருப்பார்கள். எப்படியோ, லாம்பெத் எண்கள் திட்டம் போடுகிறவர்களை ஒரு இக்கட்டில் மாட்டிவிட்டன. அந்தக் கால்வாசி மக்களும் ஒரே நாளில் கிளம்பி வந்து நின்றால் எந்த ஆஸ்பத்திரியும் தாங்காது. அதற்காக அவர்களுக்கு வியாதியே இல்லை என்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் காமர்ஸ் மாணவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். மார்கரெட் தாட்சர் அரசு 1989-ல் ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, 1990-ல் சட்டம் போட்டு, 1991 ஏப்ரலிலிருந்து என்.எச்.எஸ்-க்குள் ஒரு சந்தையை உருவாக்கியது. மாவட்ட சுகாதார ஆணையங்கள் வாங்குபவர்கள், ஆஸ்பத்திரிகள் விற்பவர்கள். விருப்பப்பட்ட ஜி.பி.க்கள் சொந்த பட்ஜெட் வாங்கிக்கொண்டு தங்கள் நோயாளிகளுக்காக ஆஸ்பத்திரியோடு நேரடியாக ஒப்பந்தம் போடலாம். அது சரியா தவறா என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. பட்ஜெட் வைத்திருந்த ஜி.பி.யின் நோயாளிக்குச் சீக்கிரம் அப்பாயின்ட்மென்ட், பக்கத்துத் தெரு நோயாளிக்குத் தாமதம் என்ற புகார் கடைசிவரை ஓயவில்லை. 1999-ல் ஜி.பி. பட்ஜெட் முறையைப் பின்னால் வந்த அரசு ஒன்று ஒழித்துவிட்டது.

ஆனால் அந்தச் சந்தையால் ஒரு நன்மை விளைந்தது. வாங்குபவர் என்று ஒருவர் வந்துவிட்டால், என்ன வாங்குவது, எவ்வளவு வாங்குவது என்று அவர் கேட்டுத்தானே ஆக வேண்டும்? அதற்கு வழிகாட்ட, ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு தேவை மதிப்பீட்டு அறிக்கை எழுதவைத்தார்கள். தொகுத்தவர்கள் ஆண்ட்ரூ ஸ்டீவன்ஸ், ஜேம்ஸ் ராஃப்டரி. முதல் வரிசை 1994-ல் வந்தபோது தோலுக்கு இடமில்லை. 1997-ல் வந்த இரண்டாம் வரிசையில்தான் சேர்ந்தது. எழுதியவர் ஹைவல் வில்லியம்ஸ் என்ற தோல் டாக்டர்.

இந்த அறிக்கைகள் மூன்று சொற்களைப் பிரித்துக் காட்டின. நம் பொருளியல் புத்தகங்களில் டிமாண்டுக்கே "தேவை" என்றுதான் பெயர் என்பதால் குழப்பம் வரும். எனவே அவசியம், டிமாண்ட், சப்ளை என்று வைத்துக்கொள்வோம். அவசியம் என்றால், வைத்தியம் செய்தால் பலன் கிடைக்கும் நிலை. டிமாண்ட் என்றால் நோயாளி வாய் திறந்து கேட்பது. சப்ளை என்றால் அரசு கொடுத்துக்கொண்டிருப்பது. மூன்றும் மூன்று வட்டங்கள். ஒன்றோடொன்று கொஞ்சம்தான் உரசிக்கொள்ளும். லாம்பெத்தில் வீட்டிலேயே இருந்துவிட்டவர்களுக்கு அவசியம் இருந்தது, டிமாண்ட் இல்லை. அழகுக்காக மச்சத்தை எடுக்கச் சொல்லி வருகிறவருக்கு டிமாண்ட் இருக்கிறது, அவசியம் இல்லை. பலன் இல்லாத வைத்தியத்தை வழக்கம் என்பதற்காகத் தொடர்ந்து கொடுப்பது வெறும் சப்ளை. சாதாரண சந்தையில் டிமாண்டும் சப்ளையும் சந்திக்கும் புள்ளியோடு கதை முடிந்துவிடும். இங்கே மூன்றாவதாக ஒரு கோடு இருக்கிறது, அதை வரைவதுதான் கஷ்டம்.

வரைவதற்கு முதலில் வியாதியை அளக்க வேண்டும். எக்சிமாவை ரத்தப் பரிசோதனையில் உறுதி செய்ய முடியாது. ஒரு டாக்டர் எக்சிமா என்பதை இன்னொருவர் வேறு பெயரில் சொன்னால் கணக்கு எப்படி நிற்கும்? வில்லியம்ஸ் தலைமையிலான பிரிட்டிஷ் குழு 1994-ல் ஒரு சிறிய அளவுகோலைக் கொடுத்தது. அரிப்பு கட்டாயம் இருக்க வேண்டும், அதோடு மடிப்புகளில் வந்த வரலாறு, பொதுவான வறட்சி, இரண்டு வயதுக்கு முன் தொடங்கியது என்பன போன்ற குறிப்புகளில் மூன்றாவது பொருந்த வேண்டும். "இருந்ததா" என்று வரலாற்றையும் கேட்பதால் வந்து வந்து போகும் சங்கடத்துக்கும் ஓரளவு வழி கிடைத்தது. 1958-ல் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் விவரங்களை அலசியபோது இன்னொரு விசித்திரமும் தெரிந்தது. பெரும்பாலான வியாதிகள் ஏழைகளைத்தான் அதிகம் பிடிக்கும். எக்சிமா வசதியான குடும்பங்களில் அதிகம் இருந்தது! வறுமையை வைத்து வியாதியை ஊகித்து நிதி பிரிக்கும் வழக்கமான சூத்திரம் இதற்கு உதவாது.

அதே 1994-ல், கார்டிஃப் நகரத்தில் ஆண்ட்ரூ ஃபின்லேயும் குல் கானும் ஒரு பக்கக் கேள்வித்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். டி.எல்.க்யூ.ஐ. என்பது அதன் பெயர். பத்தே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் எவ்வளவு அரித்தது, எவ்வளவு வெட்கப்பட வைத்தது, கடைக்குப் போக முடிந்ததா, என்ன உடை போடுவது என்பதைப் பாதித்ததா, விளையாட்டு, வேலை, படிப்பு, நண்பர்கள், தாம்பத்தியம், கடைசியாக அந்த வைத்தியமே ஒரு தொல்லையாக இருந்ததா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பத்தைத் தாண்டினால் வாழ்க்கை பெரிய அளவில் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பரீட்சைத்தாள் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் "ரொம்ப அரிக்குது டாக்டர்" என்பதற்கு முதன்முறையாக ஒரு எண் கிடைத்தது. எண் இல்லாத எதுவும் பட்ஜெட் கூட்டத்துக்குள் நுழைய முடியாது.

அளவுகோல் கிடைத்ததும் எக்சிமா வரிசையில் முன்னேறியதா என்றால், அதற்குள் வேறு ஒன்று முந்திக்கொண்டது. கேன்சர் என்று சந்தேகம் வந்தால் இரண்டு வாரத்துக்குள் ஸ்பெஷலிஸ்ட் பார்த்தாக வேண்டும் என்று 2000 வாக்கில் விதி வந்தது. தோல் கேன்சரும் அதில் உண்டு. நல்ல விதிதான், உயிர் காக்கும் விஷயம். ஆனால் தோல் டாக்டர்கள் போதுமான அளவுக்கு இல்லை. சந்தேகத்துக்கிடமான மச்சங்கள் எல்லாம் அவசர வரிசையில் வந்தன, பெரும்பாலானவை கேன்சர் இல்லை என்றே முடிந்தன. அந்த நேரத்தை யாரிடமிருந்து எடுப்பது? அவசரம் என்று எழுத முடியாதவர்களிடமிருந்துதான். (அந்த இரண்டு வார விதி 2023 அக்டோபரில் முடிவுக்கு வந்து, 28 நாளுக்குள் கேன்சர் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும் என்ற அளவு அதன் இடத்துக்கு வந்தது.)

நெரிசலைக் குறைக்க ஒரு யோசனை சொன்னார்கள். சில ஜி.பி.க்களுக்குத் தோல் வைத்தியத்தில் கூடுதல் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வெளியே கிளினிக் நடத்தவைப்பது. ஆஸ்பத்திரி என்றால் செலவு, ஊருக்குள் கிளினிக் என்றால் சிக்கனம் என்று எல்லோரும் நம்பினார்கள். பிரிஸ்டலில் சோதித்துப் பார்த்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். குணத்தில் வித்தியாசம் இல்லை, காத்திருப்பு குறைவு, நோயாளிகளுக்குத் திருப்தி. செலவு? என்.எச்.எஸ்-க்கு ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிக்கு 118 பவுண்டு, கிளினிக்கில் 208 பவுண்டு! பெரிய ஆஸ்பத்திரியில் வாடகையும் ஊழியர் செலவும் பல பேர் மேல் பரவுகிறது, சின்னக் கிளினிக்கில் அப்படிப் பரவாது என்று காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது.

2009-ல் ஷோஃபீல்ட், கிரிண்ட்லே, வில்லியம்ஸ் மூவரும் பழைய மதிப்பீட்டைப் புதிதாக எழுதினார்கள். ஒரு வருடத்தில் மக்கள்தொகையில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதாவது தோல் தொல்லை வருகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தாங்களாகவே சமாளித்துக்கொள்கிறார்கள். 2006-ல் இங்கிலாந்து, வேல்ஸ் மக்களில் 24 சதவீதம் பேர் தோலுக்காக ஜி.பி.யிடம் போயிருந்தார்கள். லாம்பெத்துக்குப் பிறகு முப்பது வருடம் ஓடியும் கடையில் வாங்கித் தடவும் பழக்கம்தான் உண்மையான சுகாதாரத் திட்டமாக நடந்துகொண்டிருந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் 1987-லேயே அங்கு சீட்டில்லாமல் கிடைக்க ஆரம்பித்திருந்தது. ஆனால் டாக்டரைக் கேட்காமல் முகத்தில் தடவக் கூடாது, பத்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடாது என்று நிபந்தனை. எக்சிமா அதிகம் வருவது குழந்தைகளுக்கு. கைக்குழந்தைக்கு வருவது முகத்தில்!

மறுபக்கம், வெறும் சப்ளை என்று சொன்னோமே, அந்த வட்டத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். வில்லியம்ஸும் அவர் கூட்டாளிகளும் இதில் முன்னால் நின்றார்கள். வீட்டில் கடின நீரை மென்மையாக்கும் கருவி வைத்தால் எக்சிமா குறையுமா? 336 குழந்தைகள், 2011-ல் முடிவு: பலன் இல்லை. பட்டு உள்ளாடை? 300 குழந்தைகள், 2017: பலன் இல்லை. குளிக்கும் நீரில் ஊற்றும் எண்ணெய்? இதற்கு என்.எச்.எஸ். வருடம் 2 கோடியே 30 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவழித்துக்கொண்டிருந்தது. 480-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் சோதித்து 2018-ல் வந்த பதில்: கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. (தோலில் பூசி அப்படியே விடும் மாய்ஸ்சரைசர் வேறு, அது வைத்தியத்தின் அஸ்திவாரம். சோதித்தது குளியல் எண்ணெயை மட்டும்.) பிறந்த குழந்தைக்குத் தினமும் மாய்ஸ்சரைசர் தடவினால் எக்சிமா வராமலே தடுக்கலாமா என்று 1394 குழந்தைகளிடம் பார்த்தார்கள். 2020-ல் வந்த பதில்: தடுக்க முடியாது. கேட்கவே சோர்வாக இருக்கிறது அல்லவா? எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை! ஆனால் ஒரு அம்மா கடன் வாங்கி அந்தத் தண்ணீர்க் கருவியை வாங்காமல் இருக்க இந்த இல்லைதான் உதவும். 2019-ல் குளியல் எண்ணெயும் பட்டு ஆடையும் இங்கிலாந்தில் வழக்கமாக எழுதித்தர வேண்டாத பொருட்களின் பட்டியலில் சேர்ந்தன.

அடுத்து டுபிலுமாப் என்ற ஊசி வந்தது. ஸ்டீராய்டு களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்காத கடும் எக்சிமாவில் பலருக்கு நன்றாக வேலை செய்தது. பட்டியல் விலையில் கணக்குப் போட்டால் ஒருவருக்கு வருடம் 16,000 பவுண்டுக்கு மேல். 1952-ன் ட்யூபையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த வைத்தியத்துக்கு அரசுப் பணம் தகும் என்று முடிவு செய்யும் நைஸ் என்ற அமைப்பு, கம்பெனியிடம் வெளியே சொல்லாத ஒரு தள்ளுபடி பேசி, 2018 ஆகஸ்டில் சம்மதித்தது. நிபந்தனையோடுதான். குறைந்தது ஒரு மாத்திரை வைத்தியமாவது முதலில் தோற்றிருக்க வேண்டும். ஊசி ஆரம்பித்துப் பதினாறு வாரத்தில் டாக்டர் தோலைப் பார்த்துப் போடும் மதிப்பெண் பாதியாகக் குறைந்திருக்க வேண்டும். அதோடு, அந்தப் பத்துக் கேள்வித் தாளில் நோயாளியின் மதிப்பெண்ணும் குறைந்தது நான்கு இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி நிறுத்தப்படும்.

அதனால் இப்போது ஒரு நோயாளி பதினாறாவது வாரம் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து, கடந்த ஏழு நாளில் எவ்வளவு அரித்தது, கடைக்குப் போனேனா, என்ன சட்டை போட்டேன் என்று யோசித்து யோசித்து டிக் அடிக்கிறார். முதல் முறை நிரப்பியபோது கூச்சத்தில் குறைத்துச் சொல்லியிருந்தால், இறங்குவதற்கு நான்கு மதிப்பெண் அவரிடம் இருக்காது.